நாற்பதாவது சீட்டு

உப்பூரணியில் குழாயில் தண்ணீர் வருவது ஒன்பது நாளைக்கு ஒரு தடவை. வந்தாலும் அரை மணி நேரம். இதை மட்டும் மனதில் முடிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும். விளங்காதவர்களுக்கு நின்று சொல்ல நேரமில்லை.

ஊர் முழுக்க அச்சாபீஸ். காலண்டர், தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, எதுவும் அச்சாகும். குருவையா முதலாளியின் அச்சாபீசில் ‘ஏழு கோட்டை’ என்றொரு விளையாட்டு அச்சானது. மடித்த பலகை, ஒரு பகடை, ஐந்து காய்கள், ஒரு கட்டுச் சீட்டு. காய் கட்டம் கட்டமாக நகரும், வழியில் சீட்டெடுக்கும், சீட்டில் பூதம் வரும், பறக்கிற பாம்பு வரும், மாயக்கிழவி வரும், அத்தனைக்கும் தப்பி அறுபத்து நாலாவது கட்டத்துக் கோட்டையைப் பிடித்தவன் ராஜா. கோடை விடுமுறையில் பிள்ளைகள் சோற்றை மறந்து ஆடினார்கள். ஆடிச் சலித்ததும் வியாபாரிகள் குருவையாவை நெருக்கினார்கள், அடுத்த பாகம் எங்கே என்று. பழைய பலகையின் கிழக்கு ஓரத்தில் ஒட்டிவைக்கிற மாதிரி ஒரு புதுப் பலகை வேண்டும், அறுபத்தைந்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை கட்டம் வேண்டும், புதுச் சீட்டு நாற்பது வேண்டும், புது ஆபத்து வேண்டும்.

எழுதுகிற ஆள் மாடக்கண்ணு. வயது ஐம்பத்தொன்பது. சொல்லில் மகா கஞ்சன். சோறு, போ, சரி என்று மூன்று சொல்லில் ஒரு நாள் குடித்தனத்தை நடத்திவிடுவார். “இந்த மனுசன் பேச்சையெல்லாம் சேத்துச் சுருக்குப் பையில போட்டாலும் பை நெறையாது” என்பாள் அவர் மனைவி பூமயில். அவளுக்கோ வாயை மூடினால் மூச்சு முட்டும். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனபோது மாடக்கண்ணு கூப்பிடப் போனார். மாமனார் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றார், செருப்பைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், சொல்ல வந்தது வாய்க்கு வரவில்லை, திரும்பி வந்துவிட்டார். ஏழு மாதம் கழித்து அவளாகத்தான் பெட்டியோடு வந்து இறங்கினாள். அந்தக் கதையை வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுப்பாள். எடுக்கும்போதெல்லாம் அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

“கடைசிக் கட்டத்துல என்ன வைக்க? புதையலா, ராஜகுமாரியா?” என்று குருவையா கேட்ட அன்று மாடக்கண்ணு குளித்து ஆறு நாள் ஆகியிருந்தது.

“சுனை.”

“சுனையா?”

“வத்தாத சுனை. போட்டுக்கோங்க.”

எண்பதாவது கட்டத்தில் ஒரு கல்தூண், தூணில் ஒரு மாடம், மாடத்தில் சீட்டுக்கட்டு. பகடையில் என்ன விழுந்தாலும் எல்லாரும் அங்கே நின்றாக வேண்டும். மேல் சீட்டை எடுத்து, அது சொன்னபடி கேட்டு, சீட்டை அடியில் செருகிவிட்டு நகர வேண்டும். புதுச் சீட்டு வந்தால் கட்டுக்கு மேலே வை என்று சட்டத் தாளில் கடைசி வரியையும் போட்டுவிட்டு, மாடக்கண்ணு முப்பத்தொன்பது சீட்டு எழுதினார். பென்சிலைக் காதில் செருகினார்.

“நாப்பதுல்ல சொன்னேன், மாடக்கண்ணு?”

“முப்பத்தொம்பதுக்கு என்ன கேடு?” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒன்றில்தான் கெட்டது.

தாளில் இருந்தது நாற்பது சீட்டுக்கு இடம். உப்பூரணி அச்சாபீஸ்களில் தாளில் இடம் சும்மா கிடக்கக் கூடாது. பழக்கம் பாதி, பயம் பாதி. காலி இடம் விட்டால் மெஷின் கையைக் கேட்கும் என்பார்கள். அதனால் கல்யாணப் பத்திரிகைத் தாளின் மூலையில் சோடா லேபிள் போகும், சாமி படத்துக்குப் பக்கத்தில் பல்பொடி போகும். தாளை அடுக்குவதும் வெட்டுவதும் அய்யாத்துரையின் வேலை. நல்ல மனிதர், மாடக்கண்ணுவுக்குப் பத்து வயது இளையவர். நாற்பதாவது இடம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்தார், கைக்கு எட்டிய தூரத்தில் என்ன கிடக்கிறது என்று பார்த்தார், கிடந்தது ஒரு மாதிரி அட்டை. துக்கக்காரர்கள் வந்தால் காட்டுவதற்காகச் செய்துவைத்த கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் படம் வைக்க முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளை, அதற்குக் கீழே ‘இமைப்பொழுதில் எங்களை விட்டுப் பிரிந்த’ என்று போட்டுப் பெயருக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு. அளவு அச்சாகப் பொருந்தியது. வெட்டும்போது எடுத்துவிடலாம் என்று நினைத்தார். வெட்டும்போது டீ வந்தது.

முதல் தாளைச் சந்தனம் தொட்டுப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். அதுவும் பழக்கம். மறுநாள் விடிந்தபோது கண்மாய்க்குக் கிழக்கே, முந்தின நாள் வரை சீமைக்கருவேல் மண்டிக்கிடந்த மேட்டில், அந்தப் பலகை கிடந்தது. நாற்பத்தெட்டுக் கட்டமும் கல் பாவிக் கிடந்தது, கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி நிற்கிற அகலம், எண்கள் கல்லில் வெட்டியிருந்தன, இரண்டு பக்கமும் யாரும் பெயர் சொல்ல முடியாத மரங்கள், மரங்களுக்குள் எதுவோ மூச்சுவிடுகிற சத்தம், மேட்டு உச்சியில் நூற்றுப் பன்னிரண்டாவது கட்டத்தில் வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது சுனை.

ஊர் போய்ப் பார்த்தது. தண்ணீர் தெரிந்தது. வேறு என்ன கேட்க?

கிராம நிர்வாக அலுவலர் சங்கிலியோடு வந்து அளந்தார். சங்கிலி அறுபத்தைந்தாவது கட்டத்தைத் தாண்டவில்லை, ‘புறம்போக்கு’ என்று எழுதிக்கொண்டு போனார். மினி பஸ் கண்மாய்க்கரை வரை வந்தது. பகடை இல்லாமல் உள்ளே காலை வைத்தவன் கால் அடுத்த கட்டத்துக்கு எழும்பவில்லை என்பது முதல் நாளே தெரிந்தது, பகடை விழுந்தால் விழுந்த எண்ணிக்கைக்குத்தான் கால் போகும், ஒரு கட்டத்தில் நின்றால் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் கழித்துக் கையில் இருக்கும் பகடை தானாகவே உருண்டுவிடும் என்பது இரண்டாம் நாள் தெரிந்தது, பின்னால் திரும்ப வழியில்லை, சுனையைத் தொட்டவர்கள் மறுபக்கச் சரிவில் இறங்கிக் கண்மாய் மடைக்கு வந்துவிடலாம் என்பது மூன்றாம் நாள். நாலாம் நாள் பெண்கள் இடுப்பில் குடமும் மடியில் பகடையுமாகப் போகத் தொடங்கினார்கள். சுனைத் தண்ணீர் இளநீர் மாதிரி. உப்புத் தண்ணீரில் மூன்று மணி நேரம் கிடந்தும் வேகாத பருப்பு இதில் இரண்டு கொதியில் மலர்ந்தது. ஒரு முறை அந்தப் பருப்பைத் தின்றவர்கள் பழைய பருப்புக்குத் திரும்பவில்லை.

மாடத்துச் சீட்டுகளும் பழகிவிட்டன. ஒருத்தி ஒரு நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒருத்தியிடம் பூதம் மூன்று கேள்வி கேட்டது, மூன்றும் பெரியம்மா மகள் கல்யாணத்தைப் பற்றி. “ஆட்டத்துல இருக்கா” என்றால் பள்ளிக்கூடத்திலும் தீப்பெட்டி ஆபீசிலும் வேறு காரணம் கேட்கவில்லை.

நாற்பதாவதாகச் சீட்டெடுத்தவள் கொண்டம்மா. பக்கத்துக் கட்டத்தில் நின்றவள் சொன்னது இது: கொண்டம்மா சீட்டை எடுத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், “ஏ, இதுல ஒண்ணும் போடலயே, வெறும் வட்டமா இருக்கு” என்று சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அவள் இல்லை. பச்சைக் குடம் மட்டும் கட்டத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றது. சீட்டு கல்லில் கிடந்தது. வெள்ளை வட்டத்துக்குள் கொண்டம்மா, தம்பி கல்யாணத்தில் எடுத்த படத்தில் இருந்த மாதிரியே, தலை நிறையப் பூவோடு, கோட்டின் மேல் பெயர், கோட்டின் மேல் அன்றைய தேதி. அடுத்தவள் அதை எடுத்து, சட்டப்படி அடியில் செருகினாள். செருகும்போது வட்டம் மறுபடி வெள்ளையாகியிருந்தது.

பெட்டிகளில் போன சீட்டுகளையெல்லாம் தேடிப் பிடித்து எரித்தார்கள். மாடத்தில் இருந்ததை எரிக்க முடியவில்லை. மேல் சீட்டு ஒன்றுதான் கைக்கு வரும். அடியில் இருப்பது கல்லோடு கல்.

போகாமல் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஊரும் கேட்டது. ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் குழாயில் வந்தது காற்று. பெண்கள் குடத்தை எடுத்தார்கள். மேலே முப்பத்தொன்பது சீட்டு இருக்கிறது, முப்பத்தொன்பது பேர் போகலாம் என்றார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற கொடிவீரன். கண்மாய்க்கரையில் ஒரு நாற்காலி போட்டு, கொட்டாங்கச்சியில் முப்பத்தொன்பது புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாடத்தில் ஒரு கை சீட்டெடுத்தால் இங்கே ஒரு கொட்டை வெளியே. மேட்டுச் சரிவு என்பதால் கரையிலிருந்து பார்த்தால் முழுப் பலகையும் தெரியும். ஆள் முகம் தெரியாது, குடத்தின் நிறம் தெரியும். சிவப்பு, நீலம், பச்சை என்று காய்கள் மாதிரி நகரும். கத்தினால் உள்ளே கேட்காது. போனும் எடுக்காது.

கொட்டை ஐந்தாகக் குறைந்த அன்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

“அது ஒரு சீட்டுத்தான. அந்த ஒண்ணை எடுக்க மட்டும் யாராவது...” என்று இழுத்தார் நிலத்தரகர் சண்முகையா.

“யாராவதுன்னா யாரு? ஒங்க மாமியாளா?” என்றாள் பூமயில்.

சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு குரல் சொன்னது. வழி கேட்டு வருகிற வெளியூர்க்காரன் என்றது இன்னொரு குரல். மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒருவரை நினைத்தார்கள், நினைக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார்கள், யாரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்கள். மாடக்கண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தார். நாற்பதோடு நிற்காது இது, அடுத்த நாற்பது வரும், அதற்கடுத்தது வரும், பூமயிலோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் மஞ்சள் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறவள்.

எழுந்தார்.

“புதுச் சீட்டு மேல வரும். நான் எழுதுறேன்.”

உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

கணக்கு எளிது. நாளைக்கு எட்டுப் பேர் போகிறார்கள், காலையில் எட்டுச் சீட்டு எழுது, சின்ன மெஷினில் ஒரு தாள் ஓட்டு, பிள்ளையாருக்கு முன்னால் வை. வைத்த கணத்தில் மாடத்துக் கட்டு எட்டுச் சீட்டு உயரும். அய்யாத்துரை கரைக்குப் போய்க் கொட்டாங்கச்சியில் எட்டுக் கொட்டை போட்டுவிட்டு வருவார். கறுப்புக் கரை போட்டது அடியிலேயே கிடக்கும். எழுதிக்கொண்டே இருந்தால் கிடந்துகொண்டே இருக்கும். மூன்று சொல்லில் குடித்தனம் நடத்திய மனிதருக்கு வந்த விதியைப் பாருங்கள்.

எழுதினார். முதலில் தேவைக்கு மேலேயே வந்தது, கொட்டை ஐம்பதைத் தாண்டியது. ‘மயில் வழி கேட்கிறது, சொல்லிவிட்டுப் போ.’ ‘மரத்துக்குச் செருப்பு வேண்டும், ஒன்றைக் கொடு.’ ‘நாளை சூரியன் மறையும் வரை உன் குரல் புருஷனுக்கு, அவன் குரல் உனக்கு.’ பாதி ஊர் ஒற்றைச் செருப்போடு நடந்தது. தெருவில் ஆம்பிளைக் குரலில் கீரைக்காரியோடு பேரம் நடந்தது. யாரும் நின்று பார்க்கவில்லை. பார்த்தால் தண்ணீர் தூக்க நேரமாகும். அச்சாபீசில் குருவையா அவற்றையே பெட்டி போட்டு மூன்றாம் பாகம், நாலாம் பாகம் என்று வெளியூருக்கு அனுப்பினார்.

ஆனால் ஒரு தடவை எழுதியதை மறுபடி எழுதினால் மெஷின் ஏற்கவில்லை. அந்த இடம் மை வாங்காமல் வெள்ளையாகவே வந்தது. சலிப்பில் ஒரு நாள் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதினார். அதை எடுத்த நாகஜோதிக்கு நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை: அடுப்பு எரிந்தது, உலை கொதிக்கவில்லை, பஸ் வந்தது, நிற்கவில்லை, பயந்துபோய் அழுதாள், கண்ணீர் கண்ணிலேயே நின்றது. அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு சொல்லையும் தேள் பிடிக்கிற மாதிரி எடுத்தார். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினார். சொல் வற்றியது. எட்டு என்பது ஆறானது, ஆறு ஐந்தானது. ஐம்பதுக்குக் குறையாமல் கிடந்த கொட்டாங்கச்சியில் ஆடி பிறந்தபோது பதினெட்டுக் கொட்டை. அன்றிலிருந்து கொடிவீரன் நாளைக்கு நாலைந்து பேரைத்தான் விட்டார்.

“நீ போகாத” என்றார் பூமயிலிடம்.

“போகாம? ஒங்களை எதுல வேக வைக்கிறது?” என்றாள்.

“நெசமாத்தான்.”

“கொட்டை இருக்கிற வரைக்கும் போவேன். தீந்தா நிப்பேன். நாப்பது வீட்டுப் பொம்பளைங்க போறாளுக, எம் புருசன் எழுதுறாருன்னு நான் மட்டும் வாசல்ல கால் நீட்டி உக்காரவா? எதையாவது எழுதுங்க. இல்ல என்னையக் கேளுங்க, நான் சொல்றேன்.”

“ஒன் வாய்க்கு எந்தத் தாள் காணும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம் கொசுக் காய்ச்சல் வந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கியது. காய்ச்சல் ஏறிய அன்று எட்டுச் சீட்டு எழுதி அய்யாத்துரையிடம் கொடுத்துவிட்டு விழுந்தார். ஐந்து நாள் எழவில்லை. ஆறாம் நாள் காலை பத்து மணிக்குக் கண் விழித்தபோது வீட்டில் பூமயில் இல்லை. கஞ்சிப் பானை காய்ந்து கிடந்தது. சுவரைப் பிடித்து, தெருவைப் பிடித்து, அச்சாபீசுக்கு நடந்தார். எழுத உட்காருமுன் பிள்ளையாரைப் பார்த்தார், பிள்ளையாருக்கு முன்னால் இருந்த தாளைப் பார்த்தார்.

எட்டு இடத்தில் ஏழில் எழுத்து இருந்தது. நடுவில் ஒன்று வெள்ளை.

மயில். காய்ச்சலில் மறுபடி மயிலை எழுதியது அப்போதுதான் நினைவு வந்தது.

“அய்யாத்துரை.”

“சொல்லுங்க அண்ணாச்சி. எந்திரிச்சிட்டீகளா?”

“இதுக்கு எத்தனை கொட்டை போட்ட?”

அய்யாத்துரை தாளைப் பார்த்தார். ஒவ்வொரு இடமாக விரல் வைத்து எண்ணினார். “எட்டு, அண்ணாச்சி. நீங்க எழுதிக் குடுத்தது எட்டுதான... பாக்கலை அண்ணாச்சி.”

மொபெட்டில் கண்மாய்க்கரைக்குப் போனார்கள்.

“கொட்டை நாலு இருந்துச்சு, நாலு பேரை விட்டேன். கணக்குச் சரிதான?” என்றார் கொடிவீரன். “செவப்பும் நீலமும் சீட்டெடுத்துத் தாண்டிட்டாக. பாக்கிக் கொட்டை ரெண்டு. உள்ள ரெண்டு பேரு.”

கொட்டை இரண்டு. சீட்டு ஒன்று. அதற்கு அடியில் கறுப்புக் கரை. மேட்டில் எழுபதாவது கட்டத்தில் மஞ்சள் குடம் நின்றது. மூன்று கட்டம் பின்னால் அறுபத்தேழில் எவர்சில்வர் குடம் வெயிலில் மின்னியது.

“மஞ்சள் ஒங்க வீட்டம்மா. ஒங்களுக்குக் கஞ்சி வைக்கத் தண்ணி இல்லன்னு விடியவே வந்து நின்னாக. எவர்சில்வரு நம்ம அய்யாத்துரை வீட்டுல முத்துக்கிளி.”

முதலில் போகிறவள் பிழைப்பாள்.

இரண்டு ஆண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மஞ்சளுக்கு ஆறு விழ வேண்டும் என்று மாடக்கண்ணுவின் நெஞ்சு கேட்டது, எவர்சில்வருக்கு ஆறு விழ வேண்டும் என்று அய்யாத்துரையின் நெஞ்சு கேட்டது, ஒருவர் கேட்பது இன்னொருவருக்குக் காதில் விழுந்த மாதிரியே இருந்தது. மஞ்சள் குடம் ஒரே ஒரு கட்டம் நகர்ந்தது. எவர்சில்வர் குடம் ஆறு கட்டம் நகர்ந்து அதைத் தாண்டியது.

“ஏறு, ஆபீசுக்கு” என்றார் மாடக்கண்ணு.

அச்சாபீசில் அய்யாத்துரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கையைத் தயாராக வைத்துக்கொண்டார். கொடிவீரனின் குரல் போனில் கேட்டபடி இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு போதும் அண்ணாச்சி. சொல்லுங்க, அடிக்கிறேன்.”

மாடக்கண்ணு வாயைத் திறந்தார். பூதம் எழுதியாகிவிட்டது. பாம்பு எழுதியாகிவிட்டது. ஆறு, மழை, நரி, கிணறு, ஒற்றைச் செருப்பு, இடது கை, தொலைந்த மூக்குத்தி, பேசுகிற பூசணிக்காய், எல்லாம் எழுதியாகிவிட்டது. அறுநூறு சீட்டுக்கு மேல் எழுதிய மண்டைக்குள் துடைத்துவைத்த கல் மாதிரி ஒன்றுமில்லை.

“மஞ்சக் குடம்... மறுபடி ஒண்ணு. எழுவத்திரெண்டு. மதினிக்கு இன்னைக்கு ஒண்ணுதான் போல” என்றது போன். “எவர்சில்வரு அஞ்சு. எழுவத்தெட்டு.”

“அண்ணாச்சி!”

மாமனார் வீட்டு வாசல். ஓடு. செருப்பு. உள்ளே பானைச் சத்தம், அது அவள் என்று தெரியும், அவர் நிற்பது அவளுக்கும் தெரியும். முக்கால் மணி நேரம். தொண்டை வரை வந்து நின்றது ஒன்று, முப்பத்தோரு வருஷமாக அங்கேயே நிற்கிறது.

“வீட்டுக்கு வா” என்றார்.

“என்னது?”

“அதான் சீட்டு. ‘வீட்டுக்கு வா.’ அடி.”

அடித்தார். மெஷினுக்கு அச்சுத் தட்டு எடுக்க ஓடினார். போன் சொன்னது: “மஞ்சள் நாலு. எழுவத்தாறு. எவர்சில்வரு... மாடத்துக்கு வந்துட்டா. சீட்டை எடுக்கா. எடுத்துட்டா. ஒத்தக் காலுல நொண்டுறா! நொண்டிக்கிட்டே அடுத்த கட்டத்துக்குப் போயிட்டா.”

அய்யாத்துரையின் கை தட்டோடு அந்தரத்தில் நின்றது. அவர் பெண்டாட்டி பிழைத்துவிட்டாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றது. மாடக்கண்ணு அவரைப் பார்த்தார். அவர் மாடக்கண்ணுவைப் பார்க்கவில்லை. தட்டை மெஷினில் மாட்டினார், மையைத் திறந்தார், பொத்தானை அழுத்தினார்.

“மஞ்சள் மூணு. எழுவத்தொம்பது” என்றது போன்.

அடுத்தது என்ன விழுந்தாலும் மாடம்தான். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்.

தாள் வந்தது. ஈரமாக, ஒரு மூலையில் இரண்டு சொல்லோடு, மீதியெல்லாம் வெள்ளையாக. சந்தனக் கிண்ணம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. தொட்டுக் குழைக்க அச்சாபீசில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, குடத்தில் இல்லை, குழாயில் இல்லை, டீ கிளாசின் அடியில்கூட இல்லை. மாடக்கண்ணு நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் வேர்வையை வழித்தார், சந்தனத்தைத் தேய்த்தார், தாளில் பொட்டு வைத்தார், பிள்ளையாருக்கு முன்னால் போட்டார்.

போனைக் கையில் எடுத்தார்.

“அண்ணாச்சி” என்றார் கொடிவீரன். குரல் மாறியிருந்தது. “மதினியைக் காணோம்.”

அய்யாத்துரை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எண்பதுல நின்னாக. கையை மாடத்துக்குள்ள விட்டாக. மஞ்சக் குடத்தைக் காணோம் அண்ணாச்சி.”

“குடத்தையா?”

“ஆமா.”

“குடமும் இல்லையா? நல்லாப் பாரு. கட்டத்துல நிக்கலையா?”

“இல்ல. குடமும் இல்ல.”

கொண்டம்மா போனபோது குடம் நின்றது. மாடக்கண்ணு வெளியே வந்தார், நடந்தார், ஓடினார், ஐம்பத்தொன்பது வயதில் வீங்கின முழங்காலோடு ஓடினார்.

வாசற்படியில் பூமயில் நின்றிருந்தாள். இடுப்பில் காலிக் குடம்.

“எவன் எழுதுன சீட்டு அது?” என்றாள். “விடியவே போயி, வெயில்ல நின்னு, ஒண்ணு ஒண்ணா உருட்டி, இன்னும் ரெண்டு மணி நேரத்துல கொடம் நெறஞ்சிருக்கும். சீட்டைப் படிச்சேன், படிச்ச வாய் மூடல, இங்க நிக்கேன். வெறுங்கொடத்தோட.”

அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

“ரெண்டு சொல்லு.” அவள் குரல் இறங்கியது. “எங்கப்பா வீட்டு வாசல்ல அன்னைக்குச் சொல்லியிருந்தா ஏழு மாசம் மிச்சம்.”

“கேட்டுச்சுல்ல” என்றார்.

“கேட்டுச்சு.”

அப்புறம் அவர் சொன்னார். மயில், வெள்ளை இடம், ஒரு கொட்டை அதிகம், மாடத்தில் இப்போது மேலே இருப்பது எது என்று. சொல்லி முடித்ததும் பூமயில் பேசவில்லை. தன் சீட்டுக்கு அடியில் காத்திருந்தது எது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வாயடைத்து அவர் பார்த்ததில்லை. தெருவில் அடுத்த வரிசைக்குப் பெண்கள் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். குழாய்க்கு இன்னும் ஆறு நாள்.

“எங்கிட்ட இனி இல்ல” என்றார். “அதான் கடைசி. அதையும் ரெண்டாந்தடவை அடிக்க முடியாது.”

பூமயில் குடத்தை இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பென்சில் எங்க?”

“காதுல.”

“எடுங்க. வாங்க அச்சாபீசுக்கு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. நடுவுல ‘சரி, போதும்’னீங்க, பாத்துக்கோங்க.”

இப்போதும் உப்பூரணியில் குழாயில் தண்ணீர் வருவது ஒன்பது நாளைக்கு ஒரு தடவைதான். அச்சாபீஸ் முற்றத்தில் விடிந்ததிலிருந்து வெயில் தாழும் வரை பூமயில் பேசுகிறாள், அவளுக்குத் தொண்டை கட்டினால் முத்துக்கிளி பேசுகிறாள், அப்புறம் நாகஜோதி, அப்புறம் தெருவுக்கு ஒருத்தி முறைவைத்து. மாமியார் கதை, ரேஷன் கடைக் கதை, கனவில் வந்த யானை, பேர் தெரியாத மரம், நாய்க்கும் நிலாவுக்கும் உள்ள தகராறு, எதுவும் ஆகும், சொன்னதையே சொல்லாமல் இருந்தால் சரி. மாடக்கண்ணு குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறார். மெஷின் ஓடுகிறது. கொட்டாங்கச்சியில் கொட்டை விழுகிறது. குடங்கள் மேடேறுகின்றன.

போன செவ்வாய்க்கிழமை, ஒரு சீட்டின் நடுவில், பூமயிலுக்குப் புரையேறியது.

இருமினாள். சொம்பை எடுத்துச் சுனைத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள், இன்னொரு மடக்குக் குடித்தாள். மாடக்கண்ணுவின் பென்சில் தாளுக்கு மேலே அப்படியே நின்றது. அய்யாத்துரை மெஷினிலிருந்து கையை எடுத்தார். தெருவில் பேசிக்கொண்டு போன பெண்கள் குடத்தை இறக்கிவைத்தார்கள். கரையில் கொடிவீரன் கொட்டாங்கச்சியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ஊர் முழுக்க, டீக்கடையில், பஸ்சுக்குள், தீப்பெட்டி ஆபீசில், ஒவ்வொரு தலையும் கிழக்கே திரும்பியது.

பூமயில் வாயைத் துடைத்தாள்.

“அப்புறம்...” என்றாள்.